கரிகிரி மண்சாடி: கிளேஸில் ஜன்னல் கம்பி விழுகிறது, எப்படிப் படமெடுப்பது?

சின்னச்சட்டி (காட்பாடி):
வணக்கம். எங்கள் பக்கத்து ஊரான கரிகிரியின் நீலப்பச்சை கிளேஸ் போட்ட சாடிகள், 5 முதல் 8 செ.மீ. உயரம். ஆன்லைனில் விற்கப் படம் வேண்டும். கையில் இருப்பது ஃபோன், கிழக்கு ஜன்னல், ஒரு டியூப்லைட். சாடியின் வயிற்றில் ஜன்னல் கம்பி கோடு கோடாகத் தெரிகிறது. முன்பக்கம் துல்லியம், பின்விளிம்பு கலங்கல். நீலம் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நிறம். செலவு 500 ரூபாய்க்குள் முடியுமா?

நிழல்வெளிச்சம்:
தாராளமாக முடியும். கம்பிக் கோட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கிளேஸ் என்பது கண்ணாடிப் பூச்சு. வயிறு குவிந்திருப்பதால் அறை முழுவதையும் சுருக்கிக் காட்டும். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு விழும் வெள்ளைத் திட்டை முழுசாக ஒழிக்கப் பார்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் கிளேஸ் போட்டதே தெரியாது. அது எந்த வடிவில் விழ வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம்.

காலை வெயில் நேராக உள்ளே விழும் நேரத்தை விட்டுவிடுங்கள். கிழக்கு ஜன்னலுக்குப் பதினொன்றரைக்கு மேல் நல்லது. மெல்லிய வெள்ளை வேட்டியை ஜன்னலில் ஒட்டாமல், சாடிக்கு ஓர் அடி தள்ளிக் கொடியில் தொங்கவிடுங்கள். துணி சாடிக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பெரிய வெளிச்சம், அவ்வளவு மென்மையான நிழல். துணியில் மடிப்பு இருக்கக் கூடாது, கரையும் சாடிக்கு எதிரே வரக் கூடாது. இரண்டும் அப்படியே கிளேஸில் தெரியும்.

வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பலகை, ஒரு சாண் தள்ளி. பின்னணிக்கு முழு சார்ட் பேப்பரின் ஒரு முனையைச் சுவரில் ஒட்டி, மறுமுனையை மேஜையில் வளைத்து இறக்குங்கள். மடித்தால் கோடு விழும், வளைவுதான் வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சாடியின் ஓரம் கரைந்து போனால், படத்துக்குள் வராதபடி இருபக்கமும் 5 செ.மீ. அகலக் கறுப்புச் சார்ட் துண்டை நிறுத்துங்கள். ஓரத்தில் மெல்லிய கருங்கோடு விழுந்து உருவத்தை எடுத்துக்காட்டும்.

எடுப்பவரின் சட்டையும் கிளேஸில் தெரியும், அடர்நிறம் போடுங்கள். அழகுக்கென்று பாலாற்று மணல் தூவுகிறார்கள், வேண்டாம். 5 செ.மீ. சாடி பக்கத்தில் மணல் பருக்கை கூழாங்கல் அளவுக்குத் தெரியும்.

ஃபோக்கஸ்_பிடி (ராணிப்பேட்டை):
பின்விளிம்பு கலங்குவது ஃபோனை ரொம்பக் கிட்ட கொண்டுபோவதால். 10 செ.மீ.யில் எடுத்தால் துல்லியமாக விழும் ஆழம் மிகக் குறைவு. வயிறும் உப்பித் தெரியும். 35, 40 செ.மீ. பின்னால் வந்து 2x வைத்து எடுங்க, மிச்சத்தை வெட்டிக்கலாம். 3x பொத்தானை நம்பாதீங்க. பல ஃபோன்களில் அந்த லென்ஸ் கிட்டத்தில் ஃபோக்கஸ் ஆகாது, ஃபோன் சத்தமில்லாமல் முதன்மைக் கேமராவுக்கு மாறிப் பெரிதாக்கித் தரும்.

ஃபோனைச் செங்கல் மேல் சாய்த்து வைத்து 2 விநாடி டைமர். சாடியின் விளிம்பில், நமக்குப் பக்கமாக உள்ள இடத்தில் அழுத்திப் பிடித்தால் ஃபோக்கஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். வெள்ளைப் பின்னணியைப் பார்த்து ஃபோன் படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.3 முதல் +0.7 வரை ஏத்துங்க. திட்டு வெளுத்துப் போகுதான்னு பெரிதாக்கிப் பாருங்க.

நிறம் மாறுவதற்குக் காரணம் டியூப்லைட்டும் ஜன்னலும் கலப்பது. டியூப்லைட்டை அணைச்சிடுங்க. புரோ மோடில் ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப ஃபோன் செய்யும் நிறத் திருத்தம்) ஒரே எண்ணில், 5500-இல் நிறுத்துங்க. சுவர் பச்சையோ நீலமோ என்றால் அதுவும் கிளேஸில் ஏறும், அந்தப் பக்கம் வெள்ளைச் சார்ட் மறைப்பு. ராத்திரி எல்.இ.டி.யில் எடுத்தே ஆகணும்னா ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி. அதைவிட வேகம் போனால் பட்டை பட்டையாகக் கோடு விழலாம்.

சின்னச்சட்டி:
வேட்டியைக் கிட்டே கொண்டுவந்ததும் கம்பி போய்விட்டது, நன்றி அண்ணா. இதே அமைப்பில் கறுப்புத் தோல் சாவிக்கொத்து எடுத்தால் சாம்பலாக, சப்பையாக வருகிறதே?

தோல்தையல் (ஆம்பூர்):
அதற்கு இந்த வெளிச்சம் ஆகாது. கிளேஸுக்கு மென்மை வேண்டும், தோலுக்குச் சாய்வு வேண்டும். துணியைப் பாதி விலக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் மேஜை மட்டத்துக்குச் சற்று மேலிருந்து தோலை உரசிப் போகிற மாதிரி வையுங்கள். அப்போதுதான் தோலின் மேடுபள்ளமும் தையலும் எழுந்து நிற்கும். தெர்மோகோலை எடுத்துவிடுங்கள், நிழலை அது நிரப்பிவிடும். கறுப்பைப் பார்த்து ஃபோன் படத்தை வெளுக்கும், எனவே இங்கே எக்ஸ்போஷர் −0.7. சாய்ந்த வெளிச்சத்தில் தூசி, கைரேகை எல்லாம் காட்டிக்கொடுக்கும். உலர்ந்த கண்ணாடித் துணியால் கடைசியாக ஒருமுறை துடையுங்கள்.

கிளிப் போலரைசர் (ஃபோன் லென்ஸ் மேல் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) வாங்கினால் தோலின் பளபளப்பைச் சுழற்றிச் சுழற்றிக் குறைக்கலாம். பித்தளை வளையத்தில் அது வேலை செய்யாது, உலோகப் பளபளப்பு அதற்கு அடங்காது. வளையத்துக்கு மட்டும் ஒரு சின்ன டிரேசிங் பேப்பர் துண்டை வெளிச்சத்தின் குறுக்கே பிடியுங்கள்.