முகப்பரு மாத்திரையும் என் முதுகுவலியும்

காவலர் தேர்வுக்காகப் பாளையங்கோட்டையில் பயிற்சி எடுத்துவந்த நாட்களில் எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். கன்னத்திலும் முதுகிலும் கட்டி கட்டியாக வந்த பருவுக்குத் தோல் மருத்துவர் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையை நாளொன்றுக்கு 40 மி.கி. என்று எழுதிக்கொடுத்து, உதடு வெடிக்கும் என்று எச்சரித்தார். "என்ன செய்றீங்க தம்பி?" என்று அவர் கேட்டதற்கு, முன்பே இரண்டு முறை தேர்வில் தவறியிருந்த கூச்சத்தில், சும்மா இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

ஐந்தாவது வாரம் இடுப்பில் தொடங்கிய வலி தோளுக்கும் தொடைக்கும் பரவியது. 1500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடித்தவன், குறுக்குத்துறைப் படித்துறையில் குளித்துவிட்டு மேலேறக் கையைத் தொடையில் ஊன்ற வேண்டியிருந்தது. கயிறு ஏறும்போதோ பாதியிலேயே பிடி நழுவியது. "உடம்பு வணங்கலைல உனக்கு" என்றார் பயிற்சியாளர். "ராத்திரி பூரா முனங்குதியேல" என்று அம்மா உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மிதக்கக் கொடுத்தாள். இந்த மாத்திரை கொழுப்புள்ள உணவோடுதான் நன்றாக உடம்பில் சேரும் என்பதால், அந்த எண்ணெய் என் இடுப்பைவிட மாத்திரைக்கே அதிகம் உதவியிருக்கும்.

மாதாந்திர இரத்தப் பரிசோதனையில் ஈரலிலும் தசையிலும் இருக்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்னும் நொதி மட்டும் கூடியிருந்தது; பெரும்பாலும் ஈரலையே சுட்டும் எஸ்.ஜி.பி.டி. சரியாகவே இருந்தது. மருத்துவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "உண்மையைச் சொல்லுங்க, ஜிம்முக்குப் போறீங்களா?" என்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். தசை நைந்தால் இரத்தத்தில் கசியும் சி.பி.கே. என்னும் நொதியைப் பார்க்கச் சொன்னார். ஏறத்தாழ 200க்குள் இருக்க வேண்டியது எனக்கு 1460 இருந்தது. இம்மருந்து எடுப்பவர்களுக்குத் தசைவலி வருவதுண்டு என்றும், கடும் உடற்பயிற்சியும் சேர்ந்தால் இந்த அளவு இன்னும் ஏறும் என்றும் விளக்கியவர், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதா என்று இருமுறை கேட்டார். அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகத்தையே பாதிப்பதுண்டாம். நல்லவேளை, அப்படி இல்லை.

மூன்று வாரம் ஓட்டமும் கயிறும் கூடாது, மாத்திரை இனி முடியும்வரை பாதியளவு என்றார். அடுத்த பரிசோதனையில் 210க்கு இறங்கியது. உடல் எடையில் கிலோவுக்கு மொத்தம் 120 மி.கி.யாவது சேர வேண்டும் என்பது அவர் கணக்கு. என் 64 கிலோவுக்கு ஆறரை மாதத்தில் முடிய வேண்டியது பதினொரு மாதம் இழுத்தது. அந்த ஆண்டுத் தேர்வுக்கு நான் போகவில்லை.