ரிங்ல திறமை கூடியிருக்கு, ஆனா ஏன் ஒன்ற முடியலை? பழைய ரெஸ்லிங் ரசிகர்கள் சொல்லுங்க

வெள்ளைத்துண்டு:

இன்னைக்கு ரிங்ல இறங்குறவங்க உடல்திறன்ல 90கள் ஆட்களை விட ஒரு படி மேல. இருந்தும் ஆட்டிட்யூட் காலத்தையும் (90கள் கடைசியில வந்த முரட்டுப் பாணி) அதுக்கு முன்னாடி 80கள் ஹோகன் காலத்தையும் பார்த்தவங்க பல பேர் விலகிட்டாங்க. எல்லாரும் சொல்ற காரணம் மூணு: குழந்தைகளுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டாங்க, ரத்தம் இல்ல, ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் மாதிரி ஆள் இல்ல.

இது எனக்குப் போதுமான பதிலா படலை. 1987ல டபிள்யூடபிள்யூஇயோட (அப்போ டபிள்யூடபிள்யூஎஃப்) வருடாந்திரப் பெரிய ஷோ ரெஸில்மேனியா 3ல நடந்த ஸ்டீம்போட் - சாவேஜ் மேட்ச்ல ரத்தமும் இல்ல, கெட்ட வார்த்தையும் இல்ல. இன்னும் அதைப் பேசுறோம். போட்டிக் கம்பெனி ஏஇடபிள்யூல ரத்தத்துக்குக் குறைவே இல்ல, அங்கயும் பழைய ஆட்கள் நிறைய பேருக்கு ஒட்டலை. அப்போ எங்க உடைஞ்சது? புக்கிங்லயா (யார் யாரோட மோதணும், யார் ஜெயிக்கணும்னு முன்கூட்டியே முடிவு பண்றது), ரிங்குக்குள்ளயா, ஒளிபரப்புலயா? உதாரணத்தோட சொல்லுங்க.

மூணாவதுகயிறு:

முதல்ல காசு எங்கிருந்து வருதுன்னு பாருங்க. மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

80, 90கள்ல டிவி நிகழ்ச்சிங்கிறது விளம்பரம். விக்க வேண்டிய சரக்கு பே-பெர்-வியூ, அதாவது தனியா காசு கட்டிப் பார்க்கிற பெரிய ஷோ. மோத வேண்டிய ரெண்டு பேரை டிவியிலயே மோத விட்டா அப்புறம் யாரும் காசு கட்ட மாட்டாங்க. அதனால ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி வெச்சாங்க. கதைப்படி அண்டர்டேக்கரோட தம்பியான கேன் வந்து இறங்கினது 1997 அக்டோபர் 5. தம்பி மேல கை வைக்க மாட்டேன்னு அண்டர்டேக்கர் நின்னார். மேட்ச் நடந்தது 1998 மார்ச் 29, ரெஸில்மேனியா 14ல. கிட்டத்தட்ட அரை வருஷம். அப்போதைய போட்டிக் கம்பெனி டபிள்யூசிடபிள்யூல ஸ்டிங் இன்னும் நீளம்: 1996 கடைசியிலிருந்து 1997 டிசம்பர்ல நடந்த அவங்க பெரிய ஷோ ஸ்டார்கேட் வரைக்கும் ஒரு வருஷத்துக்கு மேல ரிங்ல ஆடாம, அரங்கத்துக் கூரை உத்தரத்துல நின்னு பார்த்தபடியே ஹோகன் மேல பகையை வளர்த்தார். (அந்த மேட்ச்சோட முடிவைக் குழப்பிக் கெடுத்தது இன்னும் ஆறாத வருத்தம்.)

2014ல டபிள்யூடபிள்யூஇ நெட்வொர்க் வந்ததும் மாசம் 9.99 டாலருக்கு எல்லா பே-பெர்-வியூவும் உள்ள வந்துடுச்சு. அப்புறம் ஒளிபரப்பு உரிமைப் பணம்: 2019ல வாராந்திர ஷோ ஸ்மாக்டவுன் ஃபாக்ஸுக்கு 5 வருஷத்துக்கு சுமார் 100 கோடி டாலர், 2025 ஜனவரியிலிருந்து இன்னொரு வாராந்திர ஷோ ரா நெட்ஃப்ளிக்ஸுக்கு 10 வருஷத்துக்கு சுமார் 500 கோடி டாலர். இந்த மேட்ச்சை வித்தே ஆகணும்ங்கிற நெருக்கடி போய், இத்தனை மணி நேரத்தை நிரப்பியே ஆகணும்ங்கிற நெருக்கடி வந்துடுச்சு. ரா 1993ல 1 மணி நேரம், 1997ல 2, 2012 ஜூலையில ஆயிரமாவது எபிசோட்லேர்ந்து 2024 வரைக்கும் 3. அவ்வளவு நேரத்தை நிரப்ப சுலபமான வழி, பெரிய பேர்களையே திரும்பத் திரும்ப மோத விடுறது. இந்த வாரம் சிங்கிள்ஸ், அடுத்த வாரம் அதே ரெண்டு பேர் டேக் மேட்ச்ல (ரெண்டு ரெண்டு பேர் ஜோடியா ஆடுறது) எதிரெதிரா, அதுக்கடுத்து ரீமேட்ச். பெரிய ஷோ வர்றப்போ பார்க்க மிச்சம் எதுவும் இருக்காது.

இதுல காணாமப் போனது ஸ்குவாஷ் மேட்ச். பேர் தெரியாத ஆளை ஒரு ஸ்டார் மூணு நிமிஷத்துல முடிக்கிறதை இப்ப வேஸ்ட்டுன்னு நினைக்கிறாங்க. அந்த மூணு நிமிஷத்துலதான் ஃபினிஷர் (மேட்ச்சை முடிக்கிற அவரோட அடி) என்ன, அது எவ்வளவு பயங்கரம்னு ரசிகர் கத்துக்குவார். கமெண்டேட்டருக்கும் பகையைப் பத்திப் பேச இடம் கிடைக்கும். அதுக்குப் பதிலா இப்ப ஒருத்தர் ஜெயிச்சா அடுத்த வாரம் தோத்து சமன் ஆகிடுது. கொஞ்ச நாள்ல எல்லாரும் ஒரே உயரத்துல நிக்கிறாங்க.

ஒண்ணை மறைக்கக் கூடாது, இந்த நோய் 90கள்லயே தொடங்கிடுச்சு. 1998 ஜூலை 6, ஜார்ஜியா டோம்ல கோல்ட்பெர்க் - ஹோகன் மேட்ச்சை டபிள்யூசிடபிள்யூ தன்னோட வாராந்திர டிவி ஷோ நைட்ரோவுல இலவசமா கொடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி ரேட்டிங்ல ஜெயிச்சாங்க. மாசக்கணக்கா வளர்த்து வித்திருக்க வேண்டிய மேட்ச் அது.

இரண்டேமுக்கால்:

காசு விஷயம் சரி. ரிங்குக்குள்ளயும் ஒரு பெரிய ஓட்டை இருக்கு: செல் பண்றது, அதாவது வாங்கின அடி வலிக்குதுன்னு நம்புற மாதிரி காட்டுறது, குறைஞ்சு போச்சு.

பழைய அமெரிக்க மேட்ச்சோட வரிசை இது. முதல்ல நல்லவன் கை ஓங்கும். வில்லன் ஏமாத்தி ஒரு இடத்துல அதைத் தடுத்து நிறுத்துவான். அப்புறம் நீளமான அடி. நடுவுல நல்லவன் ரெண்டு மூணு தடவை எழப் பார்ப்பான், ஒவ்வொரு தடவையும் அடங்குவான். கடைசியில திருப்பி அடிக்கிறது, அப்புறம் முடிவு. இதுல உயிர்நாடி அந்த நீளமான அடிதான். பிரெட் ஹார்ட் முதுகையும் காலையும் குறிவெச்சே அடிப்பார், ஏன்னா முடிவுல வர்ற அவரோட பூட்டுப் பிடி ஷார்ப்ஷூட்டர் அந்த ரெண்டையும்தான் முறுக்கும். பூட்டு விழும்போது அரங்கமே எதிர்பார்த்து நிக்கும்.

இப்ப மூணாவது நிமிஷத்துலயே வெளிய டைவ் அடிச்சாச்சு. அதுக்கு மேல போக இடம் இல்ல. பத்து நிமிஷம் கால்ல அடி வாங்கினவன், அதே காலை ஊன்றி கயித்துல ஏறித் தாவுறான். அந்தப் பத்து நிமிஷத்துக்கு என்ன அர்த்தம்? டிவியில விளம்பர இடைவேளை வேற: வெளிய ஒரு பெரிய விழுகை, உடனே விளம்பரம், திரும்பி வந்தா ஒரு பிடி, அதிலிருந்து எழுச்சி. கொஞ்ச வாரம் பார்த்தாலே இந்த அச்சு கண்ல பட்டுடும்.

ஃபினிஷர் கதையும் இதேதான். ரெஸில்மேனியா 14ல கேனை வீழ்த்த அண்டர்டேக்கருக்கு தன் ஃபினிஷரான டூம்ஸ்டோன் மூணு தேவைப்பட்டப்போ, அது கேனை மலையா உயர்த்திச்சு, ஏன்னா அதுக்கு முன்னாடி ஒண்ணே போதும்னு பழகியிருந்தோம். 2009ல ரெஸில்மேனியா 25ல ஷான் மைக்கேல்ஸ் டூம்ஸ்டோன்லேர்ந்து எழுந்தப்போ அண்டர்டேக்கர் முகத்துல தெரிஞ்ச அதிர்ச்சிதான் ரசிகரோட அதிர்ச்சியும். அந்த மேட்ச்சை எல்லாரும் காப்பியடிச்சாங்க. அதுக்குப் பின்னாடி இருந்த வருஷக்கணக்கான பாதுகாப்பை யாரும் எடுத்துக்கலை. 2018ல ரோமன் ரெய்ன்ஸை முடிக்க லெஸ்னருக்கு அவரோட ஃபினிஷர் எஃப்-ஃபைவ் ஆறு வேண்டியிருந்துச்சு, கூட்டம் உற்சாகமே இல்லாம உட்கார்ந்திருந்துச்சு.

கேமராவையும் விடக் கூடாது. அடி படுற கணத்துலயே கட் பண்ணி, ஆட்டி, ஜூம் பண்ற பாணி பல வருஷம் ஓடுச்சு. சரியாப் படாத குத்தை அது மறைக்கும். கூடவே விழுறவனோட எடையையும் மறைச்சுடும். 2024லேர்ந்து ஷாட் நீளமாகி இது நல்லாவே சரியாகி வருது.

ஐஸ்பேக்:

இரண்டு பதில்களும் பழைய காலத்தின் விலையைச் சொல்லவில்லை. 1997 சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் போட்ட பைல்டிரைவரில் (எதிராளியைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும் அடி) ஆஸ்டினின் கழுத்தில் கடுமையான காயம் ஏற்பட்டது. 2003-ல் அவர் ஓய்வு பெற்றதற்கு வேர் அங்கேதான். 1999 ராயல் ரம்பிளில் கைவிலங்கோடு இருந்த மிக் ஃபோலியின் தலையில் நாற்காலி திரும்பத் திரும்ப இறங்கியது. அதே ஆண்டு மே மாதம், மேலிருந்து இறங்கும் நுழைவுக் காட்சியில் விழுந்து ஓவன் ஹார்ட் இறந்தார். 2010-ல் தலையில் நாற்காலியால் அடிப்பதை டபிள்யூடபிள்யூஇ தடை செய்தது. அந்தத் தடையை வைத்து "மென்மையாகிவிட்டது" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஆனால் செல் பண்ணுவது பற்றிய கருத்தை இன்னும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் அதுவே பாதுகாப்பும் கூட. ஒரு ஹெட்லாக்குக்கு வலி காட்டினால் ரசிகர் ஹெட்லாக்கை நம்புவார். காட்டாவிட்டால் அடுத்த கட்டத்துக்கு ஏற வேண்டும், பிறகு அதற்கும் அடுத்தது. 90களில் ஆல் ஜப்பான் என்ற ஜப்பானிய ரெஸ்லிங் நிறுவனத்தில் இந்த ஏற்றம், எதிராளி தலைகீழாகக் கழுத்தில் விழும்படி தூக்கி எறியும் சூப்ளெக்ஸ்கள் வரை போனது. அந்தத் தலைமுறையின் உச்ச வீரர் மிசாவா 2009 ஜூன் 13 அன்று, ஒரு சாதாரண பேக் சூப்ளெக்ஸுக்குப் பிறகு இறந்தார். பல ஆண்டுகள் கழுத்தில் சேர்ந்த சேதம் பற்றி அப்போதே பேசப்பட்டது. சின்ன அடிக்கு மதிப்பு இருந்தால் பெரிய ஆபத்துக்குத் தேவையே வராது.

ப்ரோமோ (மைக்கில் பேசும் சவால் பேச்சு) பற்றி ஒரு வரி: 1996-ல் கிங் ஆஃப் தி ரிங் ஜெயித்தபின் ஆஸ்டின் பேசியதை எந்த எழுத்தாளரும் எழுதித் தரவில்லை. பின்னாளில் வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எதிராளி வாக்கியம் முடியும்வரை இன்னொருவர் மைக்கோடு காத்து நின்றால் அது மனப்பாடம்.

வெள்ளைத்துண்டு:

நன்றி. அப்படின்னா இப்பவும் சரியா அமைஞ்ச விஷயம் ஏதாவது இருக்கா? விட்டுப்போன ஒருத்தருக்கு எதைப் பார்க்கச் சொல்லலாம்?

இரண்டேமுக்கால்:

ரெண்டு சொல்றேன். முதல்ல 2022 செப்டம்பர் 3, கார்டிஃப், குந்தர் - ஷேமஸ். சுத்தி மத்தவங்க அடிச்சுக்கிட்டிருக்க, இவங்க ரெண்டு பேரும் அசையாம முறைச்சுக்கிட்டு நிப்பாங்க. அப்புறம் பெரும்பாலும் நெஞ்சுல விழுற அறை.  ஷேமஸ் நெஞ்சு சிவக்கச் சிவக்க கூட்டத்தோட சத்தம் ஏறுறதைக் கேளுங்க.

அடுத்தது சாமி ஜெய்ன் - பிளட்லைன் (ரோமன் ரெய்ன்ஸோட குடும்பக் கோஷ்டி). 2023 ஜனவரி ராயல் ரம்பிள்ல அவர் ரோமனை நாற்காலியால அடிச்சதிலிருந்து தொடங்காதீங்க. 2022ல அவர் அந்தக் குடும்பத்துக்குள்ள சேர்ந்த பகுதிகளைப் பார்த்துட்டு வாங்க, இல்லைன்னா அந்த ஒரு அடிக்கு எடையே இருக்காது. அடுத்து பிப்ரவரி 18 மான்ட்ரியல், கடைசியா ஏப்ரல் 1 ரெஸில்மேனியா முதல் நாள் டேக் மேட்ச். அதோட நிறுத்திக்கலாம்.

மூணாவதுகயிறு:

சரியான தேர்வு. ஒண்ணு சேர்க்கிறேன்: வாராந்திர ஷோவை முழுசாப் பார்க்காதீங்க. பெரிய ஷோவுக்கு முந்தின வார எபிசோட் ஒண்ணு, அப்புறம் அந்த ஷோ. நடுவுல வர்ற ரீமேட்ச்சைத் தாண்டிட்டாலே, அந்த ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கிறப்போ கொஞ்சமாவது புதுசாத் தெரியும்.