ரேஸ் ஏறுது, வண்டி நகரல: இன்ஜினா, கியர்பாக்ஸா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வியாசர்பாடி வாசி:
அம்மாவின் ஸ்கூட்டரில் பிக்கப் சுத்தமாக இல்லை. பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் ஏறும்போது முழுசாக முறுக்கினாலும் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. ஒரு கடையில் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு "போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் உட்சுவர்) தேஞ்சு போயிருச்சு, இன்ஜின் இறக்கணும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு அம்மா வண்டியையே வித்துடலாம் என்றார்.

தெருமுனையில் இருக்கும் வயதான மெக்கானிக் கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தார். "கம்ப்ரஷன் நல்லா இருக்கு. புகை இல்ல, ஆயிலும் குறையல. அப்புறம் இன்ஜினை எதுக்குப் பிரிக்கணும்?" என்று இடது பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே பெல்ட் தேய்ந்து மெலிந்திருந்தது. வேரியேட்டர் ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகிக் கிடந்தன. வேகம் கூடும்போது இந்த ரோலர்கள் வெளிப்பக்கமாக ஓடி முன் புல்லியை நெருக்க வேண்டும், பெல்ட் மேலே ஏற வேண்டும். கியர் மாறுகிற வேலையை ஸ்கூட்டரில் செய்வது இதுதான். பெல்ட்டும் ரோலரும் மாற்றியதும் வண்டி பழையபடி பாலம் ஏறியது. இன்ஜினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.

இந்த மாதிரி ஒன்றின் பழி இன்னொன்றின் மேல் விழுந்த கதை உங்களிடமும் இருக்கும். எழுதுங்கள்.

எண்ணூர் டிரெய்லர்:
எங்க லைன்ல இது தினக்கதை தம்பி. மணலியில் கன்டெய்னர் பெட்டி ஏத்திக்கிட்டு துறைமுகத்தோட ஜீரோ கேட் வரிசையில் நின்னா, பத்தடி நகரும், நிக்கும். புது டிரைவர்கள் காலை கிளட்ச்சிலேயே வச்சிருப்பாங்க. ஒரு வண்டிக்கு இழுவை இல்லைன்னு ஓனர் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டரைக் கழட்டி சர்வீஸுக்கு அனுப்பிட்டார். திரும்பி வந்து மாட்டின பிறகும் அதே நிலைமை. நான் பார்த்தப்போ ஆர்பிஎம் முள் மேலே போகுது, ஸ்பீடு முள் அப்படியே நிக்குது, கருகின வாடை வேற. கிளட்ச் பிளேட் தீஞ்சு போச்சு, அவ்வளவுதான். ஹேண்ட் பிரேக் போட்டு, டாப் கியர்ல வச்சு, கிளட்ச்சை மெதுவா விடுங்க. இன்ஜின் அணையணும். அணையாம ஓடினா கிளட்ச் வழுக்குதுன்னு அர்த்தம். இதை ஒரு தடவை பார்த்தா போதும், திரும்பத் திரும்ப செஞ்சா இருக்கிற பிளேட்டும் போயிடும்.

காசிமேடு விசைப்படகு:
தரையில ஓடுற வண்டிக்காரங்க கிளட்ச்சோட முடிச்சுடுவீங்க. போட்டுல கியர்பாக்ஸ் கெட்டா கடல்ல நிக்கணும். எங்க போட் இன்ஜின் எப்பவும் ஒரே பக்கம்தான் சுத்தும். முன்னே போறது, நியூட்ரல், பின்னே வர்றது மூணுமே கியர்பாக்ஸ் வேலை. வேகத்தைக் குறைக்கிறதும் அதுதான்: எங்களோடது மூணுக்கு ஒண்ணு, இன்ஜின் நிமிஷத்துக்கு 1800 சுத்தினா, தண்ணிக்குள்ள படகைத் தள்ளுற விசிறி 600 சுத்தும். பெரிய விசிறி மெதுவா சுத்தினாத்தான் தண்ணியைப் பிடிச்சுத் தள்ளும், மடி வலையை இழுக்கும்.

ஒரு தடவை வலையை இழுக்கும்போது படகு திணறுச்சு. இன்ஜின் சத்தம் சுத்தமா இருக்கு, புகையும் கறுக்கல. ஆனாலும் கரைக்கு வந்ததும் எல்லாரும் இன்ஜினையே குறை சொன்னாங்க. மீன்பிடித் தடைக்காலத்துல, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், எப்படியும் வேலை நடக்கும். அப்போ கியர் ஆயிலை இறக்கினா வெள்ளையா கலங்கி வருது. கியர் ஆயிலைக் குளிர வைக்கிற கூலருக்குள்ள ஓடுறது கடல் தண்ணி. உள்குழாய் உப்புல அரிச்சு, தண்ணி ஆயிலோட கலந்து, உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகள் பிடிக்காம வழுக்கியிருக்கு. இப்ப நாங்க இன்ஜின் ஆயில் குச்சியைப் பார்க்கிற அதே நேரம் கியர் ஆயில் குச்சியையும் பார்க்கிறோம். பல போட்டுல அந்தக் குச்சியைத் தொட ஆளே இல்ல.

திருவொற்றியூர் பெருசு:
இரண்டும் தனித்தனி என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பழைய புல்லட்டைப் பாருங்கள். 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கி, எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் செய்த வண்டி. அதில் இன்ஜின் ஒரு கூடு, கியர்பாக்ஸ் பின்னால் போல்ட் போட்ட தனிக் கூடு. இடது பக்கம் பிரைமரி செயின் ஓடும். இன்ஜினின் சக்தி அந்தச் செயின் வழியாகத்தான் கிளட்ச்சுக்குப் போய், அங்கிருந்து கியருக்குப் போகும். ஆயிலும் மூன்று இடத்தில்: இன்ஜினுக்கு, செயின் கூட்டுக்கு, கியர்பாக்ஸுக்கு. வலது காலில் கியர், மேலே ஒன்று, கீழே மூன்று. பக்கத்திலேயே குதிகாலால் தட்டினால் நியூட்ரல் விழ ஒரு குட்டி லீவர். அந்த லீவர் ஒரு சுகம், இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 2009 வாக்கில் யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன் வந்து இரண்டையும் ஒரே கூட்டில் போட்டுவிட்டார்கள். ஆயில் ஒழுகுவது குறைந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பையன் பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்தான். "கரகரன்னு சத்தம் வருது தாத்தா, இன்ஜினுக்குள்ள சுத்துற கிராங்க்கோட பேரிங் போச்சாம்" என்றான். நியூட்ரலில் ஓட விட்டு கிளட்ச்சைப் பிடிக்கச் சொன்னேன். சத்தம் நின்றது. விட்டான், வந்தது. கிளட்ச்சைப் பிடித்தாலும் கிராங்க் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நிற்பது கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட். அப்படியானால் சத்தம் எங்கேயிருந்து வர வேண்டும்? கியர்பாக்ஸைப் பிரித்தோம், அந்த ஷாஃப்ட்டின் பேரிங்தான். கிளட்ச் பிடித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி கேட்டால் இன்ஜின் பக்கம் போங்கள். பிடிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஏதாவது ஒரு கியரில் மட்டும் வந்தால் அந்தக் கியரின் பல். காசு செலவில்லாத சோதனை, ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. நேராக ஸ்பானரை எடுத்துவிடுகிறார்கள்.

மணலி புதுநகர்:
2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கார் கதவளவு தண்ணீரில் நின்றது. சாவியைத் திருப்பவே இல்லை, அதனால் இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளைகிற கதை நடக்கவில்லை. ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில் எல்லாம் மாற்றினார்கள். எங்கள் மெக்கானிக் கியர் ஆயிலையும் இறக்கினார். அதிலும் தண்ணீர். கியர்பாக்ஸுக்கும் காற்றுப் போக்கி உண்டாம், அது வழியாக இறங்கியிருக்கிறது.

தண்டையார்பேட்டை ஷெட்:
அப்பா இங்குள்ள டீசல் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். ரயில் இன்ஜினில் எட்டு கியர் என்று நான் நினைத்திருந்தேன். அது த்ராட்டில் நாட்ச்சாம், இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதற்கு. கியர்பாக்ஸே கிடையாது. டபிள்யூடிஎம்-2 லோகோவில் 16 சிலிண்டர் டீசல் இன்ஜின், 2600 குதிரைத்திறன். அது சக்கரத்தைத் தொடுவதில்லை. ஜெனரேட்டரைச் சுழற்றும், மின்சாரம் ஆறு மோட்டார்களுக்குப் போகும், மோட்டாருக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரே ஒரு ஜோடிப் பல்சக்கரம்.

காரணமும் அப்பாதான் சொன்னார். டீசல் இன்ஜின் ஒரு அளவுக்குக் கீழே சுற்றினால் அணைந்துவிடும், நின்ற இடத்திலிருந்து அதால் நேராக இழுக்க முடியாது. லாரியில் அந்த இடைவெளியை கிளட்ச் வழுக்கிச் சமாளிக்கிறது. நிறைந்த டேங்கர் ரயிலை அப்படிக் கிளப்பினால் எந்த பிளேட்டும் தாங்காது. மோட்டாரோ அசையாமல் நிற்கும்போதே முழு இழுவை கொடுக்கும்.

வியாசர்பாடி வாசி:
ஷெட் அண்ணா, அப்போ எலெக்ட்ரிக் ஆட்டோவிலும் இதே கதையா? மாமா புதுசா ஒண்ணு எடுத்திருக்கார். "கியரும் இல்ல, ஆயில் செலவும் இல்ல"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கார்.

தண்டையார்பேட்டை ஷெட்:
பாதி சரி. கியர் மாற்றுகிற வேலை இல்லை, கிளட்ச் இல்லை. ஆனால் மோட்டார் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரமும், வளைவில் இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியலும் பின்னால் இருக்கும், அதற்கு ஆயில் உண்டு. வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று போட்டிருக்கும். மாமாவை அதைப் புரட்டிப் பார்க்கச் சொல்லு.