அரூபா குகைகளும் இயற்கைக் குளமும்: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். மயாமியில் இருக்கும் தங்கையைப் பார்க்க மார்ச்சில் அம்மாவுடனும் 10 வயது மகனுடனும் செல்கிறேன். அங்கிருந்து அரூபா தீவுக்கு நான்கு நாள் போய்வரத் தங்கை ஏற்பாடு செய்திருக்கிறாள். கடற்கரை மணலில் படுத்திருப்பதில் எங்களுக்கு ஆர்வமில்லை. அதைப் பெசன்ட் நகரிலேயே செய்ததில்லை. அரிகோக் தேசியப் பூங்காவின் குகைகளையும், கடலோரப் பாறைகளுக்கு நடுவே உள்ள இயற்கைக் குளத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? அம்மாவுக்கு 68 வயது. படி இறங்கினால் முழங்கால் வலிக்கும். மகன் நீச்சல் குளத்தில் மட்டுமே நீந்தியிருக்கிறான்.

பழைய மாம்பலம்:
குகைகளுக்கு அம்மாவைத் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். ஃபோன்டைன், குவாடிரிகிரி இரண்டும் பூங்காவின் தென்கிழக்கில் சாலையை ஒட்டியே இருப்பதால், சாதாரண வாடகைக் காரிலேயே அருகில் போய் இறங்கலாம். ஃபோன்டைன் சிறியது, அதன் கூரையில் தீவின் பழங்குடிகள் செம்பழுப்பு வண்ணத்தில் தீட்டிய கோடுகளும் வட்டங்களும் உள்ளன. விழுப்புரம் பக்கம் கீழ்வாலைப் பாறை ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் உடனே பிடிபடும். குவாடிரிகிரியில் இரண்டு அறைகளின் கூரையிலும் இயற்கையாகவே ஓட்டைகள் விழுந்திருப்பதால், வெயில் ஏறிய பிறகு போனால் ஒளி தூண்போல் தரைவரை இறங்கி நிற்பதைக் காணலாம். அந்த வெளிச்சத்தில் மிதக்கும் தூசியைத்தான் என் மகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வௌவால்கள் உண்டு, எச்சத்தின் நெடியும் உண்டு. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அரூபாவும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 12, 13 பாகைகளில் இருக்கின்றன. ஆனால் அங்கே இடைவிடாது வீசும் கிழக்குக் காற்றால் உடல் சுடுவது தெரியாது. மாலையில் தோல் உரியும்போதுதான் தெரியும்.

கடலூர்க்காரன்:
குளத்தைப் பற்றி நான் சொல்கிறேன். கொன்ச்சி எனப்படும் அந்தக் குளம், எரிமலைப் பாறைகள் வளையமாகச் சூழ்ந்து கடலைத் தடுப்பதால் உண்டானது. முன்பு ஆமைகளை விற்கும்வரை அதில் விட்டுவைத்திருந்ததாகச் சொல்வார்கள். கடல் அடங்கியிருக்கும் நாளில் தெளிந்த கிணறுபோல் இருக்கும். வடகிழக்குக் கரையின் அலை சீறும் நாளிலோ பாறையைத் தாண்டித் தண்ணீர் கொட்டி, உள்ளே நிற்பவரைப் புரட்டிவிடும். எங்களை அழைத்துச் சென்ற ஓட்டுநர், அலை பெரிதாக இருந்தும் 'பத்து நிமிடம்தான், இறங்குங்கள்' என்று அவசரப்படுத்தினார். வெறுங்காலோடு இறங்கிய நான், வழுக்கிய பாறையில் உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டு, மீதி இரண்டு நாளையும் விடுதி அறையிலேயே கழித்தேன். ரப்பர் காலணி இல்லாமல் இறங்காதீர்கள். அங்கே போகும் பாதை கரடுமுரடானது, நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப் வேண்டும். கடைசியில் படிகளும் இறங்க வேண்டும். அம்மாவைக் குகைகளோடு நிறுத்திவிடுங்கள். மகனை, அலை வரும் வேகத்தை மேலிருந்து கால்மணி நேரம் பார்த்த பிறகே, உயிர்காப்புச் சட்டை மாட்டி இறக்குங்கள்.

பழைய கையேடு ஏதாவது கையிலிருந்தால், அதில் போட்டிருக்கும் பெரிய இயற்கைப் பாலத்தைத் தேடி அலைய வேண்டாம். அது 2005-லேயே இடிந்து விழுந்துவிட்டது.

வேளச்சேரிவாசி:
இருவருக்கும் நன்றி. முதல் நாள் அம்மாவோடு குகைகள். குளத்துக்கு மறுநாள் காலை நானும் மகனும் மட்டும் என்று முடிவுசெய்துவிட்டோம். அம்மாவுக்கு ஒரு கேள்வி: பூங்காவின் படங்களில் காணப்படும் முள்மரங்கள் நம் ஊர்ச் சீமைக் கருவேலம்போலவே இருக்கின்றனவாம், உண்மையா?

பழைய மாம்பலம்:
அதே மரம்தான். அங்கே க்விஹி என்கிறார்கள். அதற்கு அது சொந்த மண், நம்மூருக்குத்தான் அது வந்தேறி. நாம் வெட்டி எறியச் சொல்லி வழக்குப் போடும் மரத்தின் நிழலில்தான் அங்கே காரை நிறுத்தினேன்.