ஊக்கமருந்தா, கள்ளூக்கமா?

பட்டர்வொர்த்திலிருந்து:
வணக்கம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் திடல்தட (ஓட்டம், தாண்டுதல், எறிதல்) பயிற்றுநர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் ‘டோப்பிங்’ எனப்படும் குற்றத்துக்கு நாம் ஆளும் ‘ஊக்கமருந்து’ என்ற ஒரு சொல்லால் வேலை நிற்கிறது. விளையாட்டாளர்களுக்கான உலகத் தடைப்பட்டியலில் மருந்துகள் மட்டும் இல்லை. தம் இரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைத்து, போட்டி நெருங்கும்போது திரும்ப ஏற்றிக்கொள்வதும் குற்றம். சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை எவருக்கும் ஊக்கம் தருவதில்லை. வேறொரு மருந்தின் தடயத்தை மறைக்கக்கூடும் என்பதால் அதுவும் பட்டியலில் இருக்கிறது. 2014இல் கோப்பன்ஹேகன் உலகப் பூப்பந்துப் போட்டியின்போது மலேசிய வீரர் லீ சோங் வெய்யிடம் எடுத்த மாதிரியில் தென்பட்ட டெக்சாமெத்தசோன், வீக்கம் தணிக்கும் மருந்து. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை என்று விசாரணைக் குழு ஏற்றுக்கொண்ட பிறகும் எட்டு மாதத் தடையும் வெள்ளிப்பதக்க இழப்பும் நேர்ந்தன. ‘ஊக்கத்துக்காக நான் எதுவும் உண்ணவில்லையே’ என்று ஒரு மாணவி சொன்னால், சொல் அவள் பக்கம் நிற்கும், விதி நிற்காது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
அம்மா, உங்கள் ஐயம் நியாயமானது. எனக்கு அதைவிடப் பழைய மனக்குறை ஒன்று உண்டு. வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்துப் போற்றிய ஊக்கத்தை, ஊசியில் ஏற்றும் வஞ்சனைக்குப் பெயராக்கியது முறையன்று. ‘கள்ளூக்கம்’ என்று ஆளலாம். களவு, கள்வன், கள்ளம் அனைத்துக்கும் ‘கள்’ என்பதே வேர். தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வரும்போது இரட்டும் என்ற நன்னூல் விதிப்படி புணர்ச்சியும் பிசகாது. இரத்தம் ஏற்றுவதையும் சிறுநீர் மாதிரியை மாற்றி வைப்பதையும் இச்சொல் தாங்கும். பருகும் கள்ளும் அறிவைக் களவாடுவதால் பெற்ற பெயர் என்றே நான் கருதுகிறேன்.

செந்தூலிலிருந்து:
ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்துப் பள்ளியில் பெற்றோர் அதைப் படித்தால் கள்ளுக்கடைதான் நினைவுக்கு வரும். நாளிதழ்களில் வேரூன்றிவிட்ட ஊக்கமருந்தைத் தலைப்பில் விட்டுவிட்டு, உள்ளே ‘தடைப்பொருள்’, ‘தடைமுறை’ என்று பிரித்து எழுதலாம். மாணவரின் பையிலுள்ள சளி மாத்திரையில், மூக்கடைப்பு நீக்கும் சூடோஎபிட்ரின் என்ற மருந்து இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்க்க வைப்பதே கையேட்டின் வேலை. போட்டியின்போது எடுக்கும் சிறுநீரில் அது மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் விதிமீறல்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
‘தடைமுறை’ என்பது தடுக்கும் முறை என்றே விரியும். ‘தடையுற்ற முறை’ என்றாவது எழுதுங்கள். கள்ளுக்கடைக்கு அஞ்சி நல்ல வேர்ச்சொல்லைக் கைவிடுவதற்கு நான் உடன்படவில்லை.

பட்டர்வொர்த்திலிருந்து:
பெரும்பாலோர் ஊக்கமருந்தையே ஏற்பதால் தலைப்பில் அது இருக்கட்டும். உள்ளே ‘தடைசெய்யப்பட்ட பொருள்’, ‘தடைசெய்யப்பட்ட முறை’ என்று நீட்டியே எழுதுகிறேன். ஐயாவின் மறுப்பைக் குறித்துக்கொண்டேன். கள்ளூக்கத்தை அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் விவாதிப்போம்.