தமிழ் எழுத்துகள் வெட்டுப்படுகின்றன, பிரின்டர் லைப்ரரி வழிமறிக்கிறது: ஆண்ட்ராய்டு 15க்கு மாற உதவி தேவை

தறிக்கணக்கு (ஈரோடு)

வணக்கம். விசைத்தறிக் கூடங்களுக்கான கூலிக் கணக்குச் செயலி ஒன்றைத் தனி ஆளாக எழுதிப் பராமரித்து வருகிறேன். கோட்லின் மொழி, பழைய எக்ஸ்எம்எல் லேஅவுட், முழுவதும் தமிழ் இடைமுகம். யார் எத்தனை மீட்டர் ஓட்டினார், முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பதிந்து, சனிக்கிழமை கூலி போடும்போது கையடக்க ப்ளூடூத் பிரின்டரில் சீட்டு அடித்துக் கொடுப்பதுதான் இதன் வேலை.

31 ஆகஸ்ட் 2025 முதல் ப்ளே ஸ்டோரில் எந்தப் புதுப்பிப்பு ஏற்றினாலும் ஏபிஐ 35ஐ (ஆண்ட்ராய்டு 15இன் நிரலாக்க எண்; 34 என்பது 14க்கு, 36 என்பது 16க்கு) குறிவைத்திருக்க வேண்டும் என்பதால் டார்கெட் எண்ணை 34இலிருந்து 35ஆக மாற்றினேன். வேறு ஒரு வரியையும் தொடவில்லை. ஆண்ட்ராய்டு 14 போனில் எல்லாம் பழையபடியே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 15 போனில் திரையே குலைந்துவிட்டது.

மேலே கூடத்தின் பெயர் இருக்கும் பட்டை, கடிகாரமும் பேட்டரிக் குறியும் இருக்கும் இடத்துக்கு அடியில் போய்விட்டது. கீழே "சேமி" பட்டன் வழிசெலுத்தும் பட்டையின் மேல் ஏறி நிற்கிறது. அழுத்தினால் சில நேரம் முகப்புத் திரைக்குப் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய கவலை எழுத்து. அட்டவணையில் "இருப்பு" என்ற தலைப்பில் கடைசி எழுத்தின் கால் வெட்டுப்பட்டு "இருப்ப" என்று தெரிகிறது. "வரவு" என்பது "வரவ" ஆகிவிட்டது. இடைமுகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றினால் இந்தக் குறை கிடையாது.

இதோடு ப்ளே கன்சோலில், செயலி 16 கேபி மெமரி பேஜை ஆதரிக்கவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. நான் சி++ எழுதுவதே இல்லை. பிரின்டருடன் வந்த லைப்ரரியில் ஓர் எஸ்ஓ கோப்பு (சி++ போன்ற மொழியில் எழுதித் தொகுத்த நிரல்) இருக்கிறது, அதுதான் காரணம் போலும். விற்றவர்களிடம் கேட்டால் புதிய பதிப்பு இல்லை என்கிறார்கள். ப்ளே ஸ்டோர் விதிப்படி 2025 நவம்பர் 1க்குள் இதை முடித்தாக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

கயல் (சென்னை)

எழுத்திலிருந்து தொடங்குங்கள் அண்ணா. உங்கள் பயனாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். தேடினாலும் எளிதில் கிடைக்காத விடையும் அதற்குத்தான்.

ஆண்ட்ராய்டில் தமிழுக்கு நெடுங்காலமாக இரண்டு எழுத்துரு வடிவங்கள் இருந்தன. ஒன்று நோட்டோ சான்ஸ் தமிழ். மற்றொன்று அதன் "யூஐ" வடிவம். ஆங்கில எழுத்துக்கென்று அளந்து வைத்த பட்டனிலும் பட்டியலிலும் தமிழும் அடங்க வேண்டும் என்பதற்காக உயரத்தைச் சுருக்கிச் செய்தது இரண்டாவது. இத்தனை காலம் இயல்பாகக் கிடைத்தது அந்தச் சுருக்கிய வடிவம். எது வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்ற பண்பு. ஆண்ட்ராய்டு 5 காலத்திலிருந்தே இருக்கிறது, நம்மில் பெரும்பாலோர் அதைத் தொட்டதே இல்லை.

ஏபிஐ 35ஐக் குறிவைத்தால் ஆண்ட்ராய்டு 15 முதல் அந்தப் பண்பு இயல்பாகவே "ஆம்" ஆகிவிடுகிறது. அதாவது, உயரம் சுருக்காத எழுத்துரு வருகிறது, வரியின் உயரம் கூடுகிறது. உங்கள் அட்டவணைத் தலைப்புக்கு 20 டிபி, 24 டிபி (டிபி என்பது திரை அளவின் அலகு) என்று உயரத்தைக் கட்டி வைத்திருப்பீர்கள். உயரம் போதாவிட்டால் டெக்ஸ்ட் வியூ மேலிருந்து வரைந்துகொண்டு வந்து கீழே வெட்டிவிடும். அதனால்தான் "பு", "வு" போன்றவற்றின் அடிப்பகுதி போய்விடுகிறது. தமிழுக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல இது. மலையாளம், தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, ஒடியா, அரபி, தாய், பர்மியம் எல்லாவற்றுக்கும் உண்டு.

அந்தப் பண்பை "இல்லை" என்று எழுதினால் இன்றைக்குப் பழையபடி ஆகிவிடும். செய்யாதீர்கள் என்பேன். ஏபிஐ 36ஐக் குறிவைத்தவுடன் ஆண்ட்ராய்டு 16 அந்தப் பண்பைக் கண்டுகொள்ளாது. சுருக்கிய எழுத்துருக்களையே கைவிடுகிறார்கள். 2023இல் 33, 2024இல் 34, 2025இல் 35 என்று ப்ளே ஸ்டோரின் எண் ஆண்டுதோறும் ஏறி வருகிறது. ஒட்டுப் போட்டால் அடுத்த ஆண்டு இதே வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

எழுத்து இருக்கும் இடங்களில் எல்லாம் கட்டிவைத்த உயரத்தை எடுத்துவிட்டு, உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரியும்படி மாற்றுங்கள். குறைந்தபட்ச உயரம் மட்டும் கொடுங்கள், பட்டனுக்கு 48 டிபி. எழுத்தின் அளவு எஸ்பியில்தான் (பயனாளர் வைக்கும் எழுத்து அளவுக்கு ஏற்ப மாறும் அலகு) இருக்க வேண்டும். பிறகு போனின் எழுத்து அளவை 200 சதவீதத்துக்கு ஏற்றிப் பாருங்கள். தறி ஓட்டுபவர்களில் கண்ணாடி போட்டவர்கள் இருப்பார்கள், அந்த அளவில் வைத்துத்தான் பார்ப்பார்கள். சோதனைக்கு "ஸ்ரீ" என்று தொடங்கும் கூடப் பெயர் ஒன்றைப் போடுங்கள். அதுவும் "இருப்பு"ம் முழுதாகத் தெரிந்தால் மற்றவை தெரியும்.

மேல் பட்டை, "சேமி" பட்டன் கோளாறு எட்ஜ்-டு-எட்ஜ் கட்டாயத்தால் வருவது. 35இல் செயலி திரையின் விளிம்புவரை விரிந்தே ஆக வேண்டும். விண்டோ இன்செட் (போனின் மேல், கீழ்ப் பட்டைகள் பிடிக்கும் இடம்) அளவைக் கேட்டு வாங்கி, வேர் வியூவுக்கு மேலும் கீழும் பேடிங் (உள் இடைவெளி) கொடுத்தால் சரியாகிவிடும். இதிலிருந்து விலகிக்கொள்ள ஒரு தீம் பண்பு இருக்கிறது, ஆனால் அதுவும் 36இல் செல்லாது.

வேணு_தஞ்சை

16 கேபி எச்சரிக்கைக்குச் சுருக்கு வழி: கிரேடிலில் (செயலியைக் கட்டமைக்கும் கருவி) பேக்கேஜிங் பகுதியில் லெகசி பேக்கேஜிங்கை இயக்கிவிடுங்கள். எஸ்ஓ கோப்பு சுருக்கப்பட்டுப் போகும், சீரமைப்புப் பிரச்சினை வராது.

நொய்யல்கரை (கோவை)

வேணு, அது பாதிப் பிரச்சினைக்குத்தான் விடை. இங்கே சரிபார்க்க வேண்டிய சீரமைப்புகள் இரண்டு. ஏபிகே (செயலியின் நிறுவல் கோப்பு) என்ற ஜிப்புக்குள் எஸ்ஓ கோப்பு எந்த எல்லையில் தொடங்குகிறது என்பது ஒன்று. நீங்கள் சொன்னது அதைத் தீர்க்கும், ஏஜிபி (கிரேடிலின் ஆண்ட்ராய்டு செருகுநிரல்) 8.5.1 முதல் அது தானாகவே 16 கேபி எல்லையில் அமைந்துவிடும். ஏபிஐ 35க்கே ஏஜிபி 8.6 தேவை என்பதால் தறிக்கணக்கு எப்படியும் அங்கே போயாக வேண்டும்.

மற்றொன்று எஸ்ஓ கோப்பின் உள்ளே இருப்பது. நினைவகத்தை இயங்குதளம் பேஜ் பேஜாகப் பங்கிடுகிறது. இத்தனை காலம் பேஜ் 4 கேபி. அதற்கென்று லிங்க் செய்த லைப்ரரியின் பகுதிகள் 4096இன் மடங்குகளில் தொடங்கும். பேஜ் 16 கேபி ஆன போனில் அந்தப் பகுதிகளை நினைவகத்தில் ஏற்ற முடியாது, செயலி நின்றுவிடும். ஆண்ட்ராய்டு 16இல் இணக்கப் பயன்முறை ஒன்று வைத்து, எச்சரிக்கை காட்டி ஓட்டப் பார்க்கிறார்கள். ப்ளே ஸ்டோர் விதிக்கு அது போதாது. லைப்ரரியை மறுபடி லிங்க் செய்வதுதான் வழி. என்டிகே (சி++ நிரலைத் தொகுக்கும் கருவித்தொகுப்பு) ஆர்28இல் அது இயல்பாகவே நடக்கும், பழைய என்டிகேயில் லிங்கருக்கு 16384 என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மூல நிரல் கையில் இருக்க வேண்டும்.

இந்த மாற்றம் வீணானது என்று யாரும் எண்ண வேண்டாம். நினைவகம் நெருக்கடியில் இருக்கும்போது செயலி திறக்கும் நேரம் சராசரியாக 3.16 சதவீதம் குறைந்ததாகவும், சில செயலிகளில் 30 சதவீதம்வரை குறைந்ததாகவும் கூகுள் தன் சோதனை முடிவைச் சொல்லியிருக்கிறது.

தறிக்கணக்கு, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் ஏபிகே அனலைசரில் உங்கள் கோப்பைத் திறந்து எஸ்ஓ கோப்புகளின் சீரமைப்பைப் பாருங்கள். பிரின்டருடையது மட்டும்தானா என்று உறுதிசெய்யுங்கள். பிரின்டர் என்ன அகலம்?

தறிக்கணக்கு (ஈரோடு)

பார்த்தேன். அது ஒன்றுதான், 4 கேபி என்று காட்டுகிறது. பிரின்டர் 58 மிமீ, வெப்பத்தாளில் அடிப்பது. லைப்ரரிக்கு ஒரு படத்தைக் கொடுத்தால் அதை அச்சடிக்கும். மூல நிரல் கிடையாது.

நொய்யல்கரை (கோவை)

அப்படியானால் அந்த லைப்ரரியே உங்களுக்குத் தேவையில்லை. தூக்கிவிடுங்கள்.

58 மிமீ பிரின்டர்களில் பெரும்பாலானவை எஸ்க்-பாஸ் என்ற பொதுவான பிரின்டர் கட்டளைகளைப் புரிந்துகொள்பவை. ப்ளூடூத் சீரியல் போர்ட் இணைப்பைத் திறந்து பைட்டுகளை எழுதினால் போதும், கோட்லினிலேயே முடிந்துவிடும். பிரின்டரின் எழுத்துத் தொகுதியில் தமிழ் இருக்காது என்பதால் படமாக அனுப்பும் உங்கள் முறைதான் சரி. சீட்டை 384 பிக்சல் அகலமுள்ள பிட்மேப்பில் கேன்வாஸ் கொண்டு வரையுங்கள். அந்த பிரின்டர்களின் தலையில் ஒரு வரிக்கு 384 புள்ளிகள். 8 புள்ளிகளுக்கு ஒரு பைட் வீதம் வரிக்கு 48 பைட். கறுப்புப் புள்ளி 1, வெள்ளை 0. ஜிஎஸ்-வி-0 என்ற ராஸ்டர் கட்டளையில் முதலில் அகலம் 48, அடுத்து உயரம், அதற்குப் பின் இந்தப் பைட்டுகள்.

மலிவு பிரின்டர்களில் பஃபர் சிறியது. முழுச் சீட்டையும் ஒரே மூச்சில் அனுப்பாமல் சிறு சிறு துண்டங்களாக அனுப்புங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் ப்ளூடூத் கனெக்ட் அனுமதியைப் பயனாளரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். இதுவரை லைப்ரரி கேட்டிருந்தால் இனி நீங்கள் கேட்க வேண்டும்.

புதியவள்

கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன், கணினி அறிவியல். இந்த இழையை முழுவதும் படித்தேன். ஆண்டுதோறும் இயங்குதளம் மாறிக்கொண்டே இருந்தால், புதிதாக வருபவர்களுக்கு இதில் உண்மையிலேயே வாய்ப்பு இருக்கிறதா, அல்லது இருப்பதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடுமா? என் ஆசிரியர்கள் புதிய செயலி செய் என்கிறார்கள். அக்கா, அண்ணா, யாராவது சொல்லுங்கள்.

கயல் (சென்னை)

வாய்ப்பு இருக்கிறது தங்கை. தறிக்கணக்கு அண்ணாவின் செயலியில் நடந்ததைப் பாருங்கள், விடை அதிலேயே கிடைக்கும். நம் ஊரில் சிட் பண்டுக்கும் பால் சங்கத்துக்கும் ரைஸ் மில்லுக்கும் யாரோ எழுதிக் கொடுத்த செயலிகள் இருக்கின்றன. எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஏபிஐ 34ஐக்கூடத் தொடாத செயலி, புதிய ஆண்ட்ராய்டு போன் வாங்கும் புதிய பயனாளருக்கு ப்ளே ஸ்டோரில் தெரியாது. உரிமையாளருக்கு அது ஏனென்றே புரியாது. போய் விளக்கிச் சொல்லி, சரிசெய்து கொடுத்து, நியாயமான கூலி வாங்குங்கள். அது சின்ன வேலை இல்லை. பிறர் எழுதிய நிரலைப் படிக்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடமும் இல்லை.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு 16இன் முதல் டெவலப்பர் முன்னோட்டம் நவம்பர் 2024இல் வந்தது. மார்ச் 2025இல் ஏபிஐ உறுதியானது. முழு வெளியீடு 10 ஜூன் 2025. இத்தனை மாதங்களும் எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலிப் போன்) யார் வேண்டுமானாலும் காசில்லாமல் சோதிக்கலாம், கூகுளின் இஷ்யூ டிராக்கரில் குறைகளைப் பதியலாம். போனைத் தமிழில் வைத்துச் சோதிப்பவர் நம்மிடையேதான் இருக்க வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் பார்க்காத தமிழ்ப் பிழையை வேறு யார் பார்த்துச் சொல்லப் போகிறார்கள்? முன்னோட்டக் காலத்தில் சொன்னால் திருத்த இடம் இருக்கும். வெளியான பிறகு சொன்னால் அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டும்.

நொய்யல்கரை (கோவை)

கயல் சொன்னதோடு டேப்லெட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 36ஐக் குறிவைக்கும் செயலியில் "நிமிர்ந்து மட்டும் நில்" என்று எழுதினாலும், குறுகிய பக்கம் 600 டிபி அல்லது அதற்கு மேல் இருக்கும் திரையில் ஆண்ட்ராய்டு 16 அதைக் கேட்காது. விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. 36இல் ஒரு பண்பு எழுதி விலகலாம், அடுத்த பதிப்பில் அந்த வழியும் அடைபடும் என்று அறிவித்திருக்கிறார்கள். கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் டேப்லெட் வைப்பவர்கள் கூடிவருகிறார்கள். இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் விவரம் என்று ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு.

புதியவள், ப்ளே ஸ்டோரில் தனிநபர் கணக்கு தொடங்கினால் முதல் செயலியை வெளியிடுமுன் குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து மூடிய சோதனை நடத்த வேண்டும். வகுப்புத் தோழிகளை இப்போதே சேர்த்து வையுங்கள்.

தறிக்கணக்கு (ஈரோடு)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், பின்னால் தேடி வருபவர்களுக்கு உதவும்.

கட்டிவைத்த உயரங்களை எல்லாம் எடுத்துவிட்டேன். "இருப்பு" முழுதாகத் தெரிகிறது. எழுத்து பழையதைவிடத் தெளிவாக இருக்கிறது என்று ஒரு கூடத்துக் கணக்குப்பிள்ளை தாமாகவே சொன்னார். பட்டியலில் ஒரு திரைக்கு இரண்டு மூன்று பெயர்கள் குறைவாகத் தெரிகின்றன, அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

லைப்ரரியை நீக்கிவிட்டு கோட்லினில் எழுதியது வேலை செய்கிறது. எழுத்தின் விளிம்பை மென்மையாக்கும் ஆன்டி-அலையாஸ் வசதியை அணைத்த பிறகுதான் சீட்டில் எழுத்து சுத்தமாக விழுந்தது. அது இருந்தால் சாம்பல் நிறப் புள்ளிகள் கறுப்பா வெள்ளையா என்று முடிவாகும் இடத்தில் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. 16 கேபி எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தேன்; ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் வழி) பேஜ் அளவைக் கேட்டால் 16384 என்று வருகிறது, செயலி நிற்காமல் ஓடுகிறது. கன்சோல் எச்சரிக்கை போய்விட்டது. பிரின்டர் பகுதியைத் தனியாகப் பிரித்து எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிடப் போகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. இப்போதே 36க்கும் போய்விடலாமா?

கயல் (சென்னை)

போகலாம். போகுமுன் பேக் பட்டனைப் பாருங்கள் அண்ணா. கூலி பதியும் படிவத்தில் பாதியில் திரும்பினால் "சேமிக்கவா?" என்று கேட்கிறீர்கள் அல்லவா? அதை ஆன்பேக்பிரஸ்டு முறைக்குள் எழுதியிருந்தால், 36ஐக் குறிவைத்தவுடன் ஆண்ட்ராய்டு 16 அதைக் கூப்பிடாது. கேள்வி வராமலே படிவம் மூடிக்கொள்ளும், பதிந்த மீட்டர் கணக்கு போய்விடும். ஆண்ட்ராய்டுஎக்ஸ் லைப்ரரியின் ஆன்பேக்பிரஸ்டு கால்பேக்குக்கு முதலில் மாற்றுங்கள். படிவத்தில் ஏதாவது எழுதப்பட்டிருக்கும்போது மட்டும் அதை இயக்கி வையுங்கள். அதைச் சோதித்த பிறகு எண்ணை மாற்றுங்கள்.

தறிக்கணக்கு (ஈரோடு)

ஆன்பேக்பிரஸ்டுக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் இந்தப் புதுப்பிப்பை 35இலேயே ஏற்றிவிடுகிறேன். 36 அடுத்ததில்.