புழுக்கம் என்று சொல்லப்பட்ட மூச்சிரைப்பு

காட்பாடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன். இதயச் செயலிழப்பு, அதாவது இதயத்தால் போதிய அளவு இரத்தத்தை இறைக்க முடியாமல் உடலில் நீர் தேங்கும் நிலை என்றதும் மாரடைப்பைப் போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதையே பலரும் எதிர்பார்க்கிறார்கள். நான் கண்டவரை அது பெரும்பாலும் நாள்கணக்கில் மெல்ல வருகிறது. வேலூர்க் கோடையிலோ பழி முழுவதும் வெயிலின் மேல் போய்விடுகிறது.

சென்ற மே மாதம், குடியாத்தத்துப் பெரியவர் ஒருவர் இரவில் கட்டிலை விட்டு வராண்டா நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்கத் தொடங்கினார். கேட்டால், "ஒரே புழுக்கமா கீதும்மா" என்பார். மின்விசிறிக்கு நேர்கீழே படுத்தாலும் வியர்க்கும் ஊரில் அதை யார் சந்தேகிப்பார்கள்? இரவுப் பணியில் இருந்த ஆயாதான், "படுத்தா இருமுறாரு சிஸ்டர், எழுந்து உக்காந்தா நின்னுடுது" என்றார். கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்திப் பார்த்தேன். விழுந்த பள்ளம் விரலை எடுத்த பிறகும் சற்று நேரம் மேடாகவில்லை. அரை இட்லியோடு தட்டைத் தள்ளிவிடும் அவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடியிருந்தது. உண்ணாதவருக்கு எடை ஏறுகிறதென்றால் உடலில் நீர் சேர்கிறதோ என்றே முதலில் ஐயப்பட வேண்டும். மருத்துவர் துருவிக் கேட்டபோது, மூட்டுவலிக்காக மகன் வாங்கித் தந்த டைக்ளோஃபெனாக் அட்டை தலையணைக்கு அடியிலிருந்து வெளிவந்தது. அவ்வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கிவிடும். அதை நிறுத்தி, தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையைக் கூட்டியதும் அவர் மறுபடி கட்டிலில் படுக்க ஆரம்பித்தார்.

கால் வீங்கியவருக்கெல்லாம் இதயக் கோளாறு என்று பயப்படவும் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கும். மாறாக, படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கால் மெலிந்தே இருக்க, இடுப்பின் பின்புறத்தில் நீர் கோத்துக்கொள்ளும். உடம்பு துடைத்துவிடும்போது அங்கேயும் அழுத்திப் பார்க்க வேண்டும். மறதிநோய் உள்ளவர்கள் மூச்சுமுட்டுகிறது என்று சொல்வதில்லை. திடீர்த் தடுமாற்றமும், குளியலறைக்குப் போகிற வழியில் சுவரைப் பிடித்து நின்றுவிடுவதும்தான் அவர்களிடம் தெரியும்.

இப்போது இதயநோயாளிகளுக்குத் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின் காப்பிக்கு முன், ஒரே மெஷினில் எடை பார்த்து எழுதிவைக்கிறோம். பார்க்க வரும் உறவினர்கள் ஊறுகாயும் கருவாடும் கொண்டுவருவதைத்தான் இன்னும் தடுக்க முடியவில்லை. உட்கார்ந்தும் மூச்சுத்திணறல் தணியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, சளி இளஞ்சிவப்பு நுரையாக வந்தாலோ, எடைக் கணக்கைப் புரட்டிக்கொண்டிருக்காமல், நிமிர்த்தி உட்காரவைத்து உடனே 108-ஐ அழைத்துவிடுங்கள்.